பிரசவ கால மனச்சோர்வு: யார் கேட்பது, எப்படிக் கேட்பது, எங்கே அனுப்புவது?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற சாலையில் இருக்கிறது கணியம்பாடி. அந்த வட்டாரத்துக் கிராமங்களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் எடுத்த ஒரு ஆய்வு 2002-ல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளிவந்தது. நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த 359 கர்ப்பிணிகளைப் பார்த்துப் பேசிவிட்டு, பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடியும் பார்த்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் மட்டும் 11 சதவீதம். கர்ப்பத்திலேயே சோர்ந்து போயிருந்தவர்கள் தனிக் கணக்கு. யாருக்கு அதிகம் வந்தது என்றும் அந்த ஆய்வு சொன்னது: வருமானம் குறைந்த வீடு, பையனை எதிர்பார்த்திருந்தபோது பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் ஒத்துப்போகாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த கஷ்டங்கள், வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதது.

இதில் நமக்கு எதுவும் புதிதில்லை. ஒரு துணை சுகாதார நிலையத்தில் ரெண்டு வருஷம் வேலை பார்த்த எந்த சிஸ்டரும் இந்த வீடுகளைத் தெரு பெயரோடு சொல்லிவிடுவார். ஆனால் தாய் சேய் பதிவேட்டில் ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், குழந்தையின் எடை எல்லாம் கட்டம் கட்டமாக நிரம்பியிருக்கும்; தாயின் மனசு எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வரி எழுதிய பதிவேட்டைப் பார்ப்பது அபூர்வம். 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு 22 சதவீதம் என்று வந்தது. ஐந்தில் ஒருத்தி. புதன்கிழமை தடுப்பூசிக்கு வந்து பாயில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களை ஒருமுறை அந்தக் கணக்கோடு பாருங்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில், அதாவது பழைய வட ஆற்காட்டில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்ப்பவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறவர்களும் படிக்கலாம். முடிவு செய்ய வேண்டியது மூன்று: எதை வைத்துக் கேட்பது, யார் கேட்பது, "ஆமாம்" என்று சொன்னவளை எங்கே அனுப்புவது. ஒவ்வொன்றிலும் ரெண்டு மூன்று வழி இருக்கிறது. எல்லாமே நல்ல வழிதான் என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை.

நாம் அதை என்னவென்று நினைக்கிறோம்

பயிற்சி வகுப்பில் "பிள்ளை பெத்தவ சும்மா சும்மா அழுவுறா, என்ன செய்வீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில் வரும். "எல்லாருக்கும் வர்றதுதான், பத்து நாள்ல சரியாயிடும்." "அது குடும்ப விஷயம், நாம எப்படித் தலையிடுறது?" "பாகாயத்துக்கு அனுப்பிட வேண்டியதுதான்."

(பாகாயம் என்றால் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கும் இடம்.) மூன்றிலும் பாதி உண்மை இருக்கிறது. பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் கண் கலங்குவது பாதிக்கு மேற்பட்ட தாய்மார்களுக்கு வரும். ரெண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். ஆறுதலும் தூக்கமும் போதும். அதற்கு மாத்திரை வேண்டாம். முதல் பதில் அவர்களுக்குச் சரி. மூன்றாவது பதில், பெரியவர்கள் பிரசவ ஜன்னி என்று சொல்வார்களே, அந்த மாதிரிக் குழப்பத்துக்குச் சரி: ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது ரெண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள், ராத்திரி பகலாகத் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு, "இது என் குழந்தையே இல்ல" என்று சொல்லிக்கொண்டு வரும். இதில் ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது.

ரெண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் நம் கையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். ரெண்டு வாரம் தாண்டியும் சோர்வு போகாதவள். குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராதவள். குழந்தையைத் தூக்கக் கை வராமல், அதற்காகவும் தன்னையே திட்டிக்கொள்பவள். அவளை இரண்டாவது பதிலில் தள்ளிவிடுகிறோம். மாமியார் சண்டைதான் காரணம் என்பது உண்மையாகவே இருக்கலாம். காரணம் குடும்பத்தில் இருந்தாலும் கெட்டுப்போனது அவளுடைய தூக்கமும் பசியும்தானே? குடிசையில் புகை அடைந்து இருமுகிறவளுக்கு "அது உங்க வீட்டு அடுப்பு விஷயம்" என்று சொல்லி நாம் அனுப்புவதில்லை.

இன்னொரு சிக்கல், அவள் "மனசு சரியில்ல" என்று வந்து நிற்பதில்லை. தலைவலி என்பாள், கை கால் அசதி என்பாள், நெஞ்சு படபடக்குது, பால் ஊறலை என்பாள். நாம் இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறோம். ரத்தசோகையும் தைராய்டும் பார்ப்பது அவசியம்தான், ரெண்டுமே அசதியைக் கொடுக்கும். பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு குளறுபடி வருவதும் உண்டு. பரிசோதனைச் சீட்டு எழுதுகிற அதே நேரத்தில் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டால் ஆயிற்று.

வீட்டில் இதைக் கண்ணு பட்டது, பச்ச உடம்புல காத்து கருப்பு சேர்ந்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். தர்காவுக்குப் போகிறவர்களும் உண்டு, அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவர்களும் உண்டு. இதை எதிர்த்து வாதாடி ஜெயித்த சிஸ்டரை நான் பார்த்ததில்லை. "மந்திரிச்சுட்டு வாங்கம்மா, வர்ற வழியில நம்ம டாக்டரையும் ஒரு தபா பாத்துட்டுப் போயிடலாம்" என்று சொன்னவர்கள் சொன்னதுதான் நடந்திருக்கிறது.

படிவமா, ரெண்டு கேள்வியா

முதல் வழி எடின்பரோ அளவுகோல். 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவானது. பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். அசதி, பசி மாதிரி, பிரசவமான எல்லாருக்கும் இருக்கக்கூடிய உடம்புக் கோளாறுகளை ஒதுக்கிவிட்டு மனசை மட்டும் கேட்பது இதன் பலம். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பத்தாவதுக்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கே பேச வேண்டும். தமிழிலும் இது இருக்கிறது, 2005-லேயே வேலூரில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மேல்நாட்டில் 13-ஐ எல்லையாக வைப்பது வழக்கம். நம் பெண்களுக்கு அதைவிடக் குறைந்த எண்ணிலேயே கவனிக்க வேண்டும் என்று அதில் தெரியவந்தது. அதனால் 12 வந்திருக்கிறது, பரவாயில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

படிக்கத் தெரிந்தவள் தனியாக உட்கார்ந்து எழுதினால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்துவிடும். புதன்கிழமை அங்கன்வாடியில் அந்தத் தனிமை எங்கே கிடைக்கும்? ஊசி போட்ட குழந்தைகள் வரிசையாக அழ, பக்கத்தில் அம்மாவோ மாமியாரோ எட்டிப் பார்க்க, நாலு விடையில் எது சரி என்று அவள் நம் முகத்தைப் பார்ப்பாள். வாசித்துக் காட்டினால் கால் மணி நேரம் ஆகும். இதில் எனக்குள்ள பெரிய பயம் வேறு: கட்டாயப் படிவம் என்று வந்துவிட்டால், மாதக் கடைசியில் உட்கார்ந்து எல்லாருக்கும் 3, 4 என்று மதிப்பெண் போட்டு முடித்துவிடுவோம். இப்போதே எத்தனை பதிவேடு, எத்தனை இணையப் பதிவு என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாவது வழி ரெண்டே கேள்வி. போன ஒரு மாசத்தில் மனசு தளர்ந்து, சோர்ந்து, இனி என்ன இருக்கு என்று தோன்றியதா? முன்னெல்லாம் ஆசையாகச் செய்ததில்கூட ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனதா? இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டுதல்கள் முதல் கட்டத்தில் கேட்கச் சொல்வது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். ரெண்டுக்கும் மனசறிந்து "இல்லை" என்றால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் அது நோய் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பேச வேண்டும் என்றுதான் அர்த்தம். நோயில்லாதவர்களும் இந்த வலையில் கொஞ்சம் பேர் சிக்குவார்கள். படிவமே இல்லாமல் எடை பார்த்துக்கொண்டே கேட்கலாம், ஒவ்வொரு முறையும் கேட்கலாம் என்பதற்காக அந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வழி, நாம் இப்போது செய்வது: பார்த்தாலே தெரியும் என்ற நம்பிக்கை. அனுபவசாலிகளுக்குத் தெரியும்தான். ஆனால் தலை வாரி, பவுடர் போட்டு, குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்துக்கொண்டு வருகிறவளிடம் நமக்கு எதுவும் தெரிவதில்லை. இதை நம்பி இருக்கக் கூடாது.

என் முடிவு: எல்லாரிடமும் ரெண்டு கேள்வி. ஆமாம் என்றவளுக்கு மட்டும் பத்துக் கேள்விப் படிவம், அதுவும் வேறொரு நாள், அவள் வீட்டில் அல்லது துணை சுகாதார நிலையத்தில். எப்போதெல்லாம்? செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனையில் கடைசி மூன்று மாதத்தில் ஒருமுறை, ஆறாவது வாரத் தடுப்பூசியில் ஒருமுறை, பதினாலாவது வாரத்தில் ஒருமுறை. பிரசவத்துக்குப் பிறகு மட்டும் கேட்டால் போதும் என்பவர்களுக்குக் கணியம்பாடி ஆய்வே பதில் சொல்கிறது. அங்கே கர்ப்பத்திலேயே சோர்வு இருந்தவர்கள் ஆறில் ஒருவருக்கு நெருக்கம்.

யார் கேட்பது

டாக்டர் கேட்கலாம். புறநோயாளிகள் கூட்டத்தில் ஒருவருக்கு ரெண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது. பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ் கேட்கலாம், ஆனால் தாய் அங்கே இருப்பது ரெண்டு மூன்று நாள். அந்த நாட்களில் வரும் அழுகை நான் மேலே சொன்ன, தானாகப் போகிற அழுகை. வார்டில் கண்டுபிடிக்க வேண்டியது ஜன்னியையும், முன்பே மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்ட கதையையும்தான். முன்பு ஒருமுறை வந்தவளுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அந்த ஒரு கேள்வியை வார்டு விடக் கூடாது.

மீதி இருப்பது ரெண்டு பேர்: கிராம சுகாதார செவிலியர், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர். தன்னார்வலர் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்காக வீடு வீடாகப் போகிறவர். அதே ஊர்க்காரர், எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் கேட்டால் வராத பதில் வரலாம். அதே ஊர்க்காரர் என்பதாலேயே வராமலும் போகலாம். "இவகிட்ட சொன்னா குழாயடிக்குப் போயிடும்" என்று நினைத்துவிட்டால் அந்த வாய் திறக்காது. அதனால் தன்னார்வலரைக் கேட்க வைப்பதைவிடக் கவனிக்க வைக்கலாம் என்பது என் கட்சி: "அந்த வீட்டுப் பொண்ணு குளிக்கலை, வெளிய வரலை, சிஸ்டர் ஒரு எட்டு பாருங்க" என்று சொன்னால் போதும்.

கேட்க வேண்டியது கிராம சுகாதார செவிலியர், அதாவது நம் நர்ஸம்மா. கர்ப்பம் பதிவு செய்ததிலிருந்து, முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கு வங்கிப் புத்தகம் வாங்கியதிலிருந்து பழகிய முகம். எடை, ஊசி என்று உள்ளே வர ஆயிரம் சாக்கு உண்டு; எதற்கு வந்தார் என்று அக்கம்பக்கத்தில் யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறாள். குடியாத்தத்தில் பதிவு செய்தவளின் தாய் வீடு செய்யாறில் இருக்கும், சித்தூரில் இருக்கும். கர்ப்பத்தில் பார்த்த நர்ஸம்மா வேறு, பச்ச உடம்போடு பார்ப்பவர் வேறு. மூன்றோ ஐந்தோ மாதம் கழித்து மாமியார் வீட்டுக்குத் திரும்பும்போது தடுப்பூசிகள் பெரும்பாலும் முடிந்திருக்கும். அடுத்து ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிதான். அம்மா வீட்டில் தாங்கித் தாங்கிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்த மறுநாளே தண்ணி குடம் இடுப்பில் ஏறுகிற அந்த மாதம்தான் பலருக்கும் மனசு இடிந்து போகிறது. கம்மவான்பேட்டை மாதிரி ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் கணவனும் பக்கத்தில் இருக்க மாட்டான். எந்த அட்டவணையிலும் இந்த மாதத்துக்கு ஒரு வருகை குறிக்கப்படவில்லை. பதிவு எண் நம்மிடம் இருக்கிறது, தொலைபேசி எண்ணும் இருக்கிறது. "எப்ப வர்றம்மா இங்க?" என்று கேட்டு வைத்துக்கொண்டு, வந்த வாரத்தில் ஒரு நடை போய்விட்டு வருவதை நான் எந்தப் படிவத்தையும் விட மேலாக நினைப்பேன்.

கேட்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் திண்ணையில் சிஸ்டர், தாய், மாமியார். "எப்படிம்மா இருக்க?" என்றால் பதில் மாமியாரிடமிருந்து வரும்: "அவளுக்கு இன்னாம்மா, நல்லாத்தான் கீறா. துன்றா, தூங்கறா. புள்ளயத் தூக்கத்தான் சோம்பேறித்தனம்." இந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாமியாரை விரோதித்துக்கொண்டால் அடுத்த முறை கதவு திறக்காது. "அம்மா, நீங்க பெத்து வளத்தவங்க, குழந்தையை ரெண்டு நிமிஷம் வெச்சுக்கோங்க, இவளுக்குத் தையல் பாக்கணும்" என்று சொல்லி உள்ளே கூட்டிப் போய்விடலாம். தையலையும் பாருங்கள், பொய் வேண்டாம். அப்புறம் "புள்ள பொறந்த பொறவு நெறய பேருக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும், உனக்கு எப்படி?" என்று கேளுங்கள். நிறைய பேருக்கு என்று தொடங்கினால் அவளுக்குச் சொல்ல வழி பிறக்கும். பேசாமல் அழுதால், அழட்டும். உடனே "அழாத, புள்ளைக்கு ஆகாது" என்று அடக்க வேண்டாம்.

"சாகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடும் என்று பல சிஸ்டர்கள் பயப்படுகிறார்கள். கேட்பதால் எண்ணம் வருவதில்லை, சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்றுதான் இருக்கும். ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள். வீட்டில் வயலுக்கு வைத்த பூச்சிமருந்து இருந்தால் அதை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

"ஆமாம்" என்று சொன்ன பிறகு

கேட்கவே தயங்குவதற்கு உண்மையான காரணம் இதுதான்: ஆமாம் என்றால் நான் என்ன செய்வேன்? அது நியாயமான பயம். வழி இல்லாமல் கேள்வி மட்டும் கேட்கச் சொல்வதை நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லேசான சோர்வுக்கு வீட்டிலேயே பேசி, சின்னச் சின்ன வேலைகளை மீட்டுக் கொடுக்கும் சிகிச்சை பலன் தரும் என்பதற்கு நம்மைப் போன்ற ஊர்களிலிருந்தே சான்று இருக்கிறது. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்கள் கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து குழந்தைக்குப் பத்து மாதம் ஆகும் வரை வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது, அப்படிப் பேசப்பட்ட பெண்களில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. வெறும் வருகை மட்டும் கிடைத்த ஊர்களில் 53 சதவீதம். 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் பிறகு கையேடாகவே போட்டது. கோவாவில் படித்த செவிலியர்கூட இல்லாமல், அதே ஊர்த் தாய்மார்களை வைத்தே செய்து பார்த்திருக்கிறார்கள். நம் இடைநிலை சுகாதாரப் பணியாளர்களுக்கும் கிராம செவிலியர்களுக்கும் இது எட்டாத வேலை இல்லை. நேரம்தான் பிரச்சினை, அதை மறைக்க முடியாது.

அதில் செய்வது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. குழந்தையோடு அவள் இருக்கும் நேரம், அவள் உடம்பு, அவளைச் சுற்றி இருப்பவர்கள் என்று மூன்றைப் பார்ப்பது. "நான் நல்ல அம்மாவே இல்ல" என்றால், "நேத்து ராத்திரி எத்தனை தடவை எழுந்து பால் குடுத்த?" என்று கேட்பது. ஒரு வேளைச் சமையலை யார் எடுத்துக்கொள்வார், ராத்திரி ஒரு முறை குழந்தையை யார் தூக்குவார் என்று வீட்டாரை வைத்துக்கொண்டே பேசி முடிவு செய்வது. இதில் மாமியாரையும் கணவனையும் கூட்டாளியாக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கணவன் குடித்துவிட்டு அடிக்கிறவனாக இருந்தால் கதையே வேறு: அவனைக் கூட்டி வைத்துப் பேசினால் அவளுக்கு ஆபத்து, முதலில் அவளிடம் தனியாகப் பேசி, 181 பெண்கள் உதவி எண்ணைச் சொல்லி வையுங்கள்.

பேச்சு மட்டும் போதாத இடத்துக்கு மாத்திரை. இங்கே குடும்பம் கேட்கும் முதல் கேள்வி, பாலில் போகாதா என்பது. எல்லா மாத்திரையையும் ஒன்றாகச் சொல்ல முடியாது. பால் கொடுக்கும் தாய்க்கு மருத்துவர்கள் அதிகம் தேர்ந்தெடுப்பது செர்ட்ரலின். தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேருகிறது. பாலை நிறுத்திவிட்டு மாத்திரை, அல்லது மாத்திரையை நிறுத்திவிட்டுப் பால் என்று வீட்டில் தாங்களாகவே முடிவு செய்துவிடுவதுதான் ஆபத்து. வேலை செய்ய ரெண்டு மூன்று வாரம் ஆகும் என்பதை முதல் நாளே சொல்லாவிட்டால், பத்தாம் நாளில் "ஒண்ணும் புண்ணியமில்ல" என்று நிறுத்திவிடுவார்கள். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டியிருக்கும். முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாமல் நாள்கணக்கில் சுறுசுறுப்பு என்று இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்த மாத்திரை தனியாகக் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம்.

எங்கே அனுப்புவது

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் அரசு மருத்துவமனைகளுக்கு வருகிறார். பக்கம், செலவில்லை, கூட வருபவருக்கு அரை நாள் கூலி மட்டும் போகும். நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு அனுப்புவது நம் பொறுப்பு. நாள் தெரியாமல் அனுப்பி, ஒருமுறை வீணாகத் திரும்பி வந்தவள் ரெண்டாம் முறை போக மாட்டாள்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, குழந்தைகள், மனநலம் எல்லாம் ஒரே வளாகத்தில். ரத்தப் பரிசோதனையும் அங்கேயே. வேலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. கைக்குழந்தையோடு போகிறவளுக்கு இது பெரிய சௌகரியம். இன்னொன்று, "பெரிய ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம். குடும்பத்தார் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்குவது அங்கே நெடுங்காலமாக உள்ள வழக்கம். பிள்ளை பெற்றவளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. தீவிரமான நோய்க்கும், முன்பு ஒருமுறை வந்து போனவளுக்கும், அடுத்த கர்ப்பத்தைத் திட்டமிடுகிறவளுக்கும் அங்கே போகச் சொல்வேன். செலவு இருக்கிறது, காத்திருப்பும் இருக்கிறது. அதைவிடப் பெரிய தடை ஊரில் "பாகாயம்" என்றால் மக்களுக்கு வேறு நினைப்பு வருவது. "பாகாயம் பஸ்ஸுல ஏறினா ஊரே பேசும்" என்பதற்காகவே லேசான சோர்வோடு இருப்பவளை முதலில் அங்கே அனுப்ப மாட்டேன். தீவிரமானால் ஊர் வாயைப் பார்க்கவும் மாட்டேன்.

எங்கே சேர்த்தாலும் ஒன்றை வீட்டாரிடம் சொல்லுங்கள். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. "புள்ளயப் பிடுங்கிடுவாங்க" என்ற பயத்தில்தான் பல பெண்கள் வாயே திறப்பதில்லை. தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் தனிப் பிரிவு வேண்டுமென்றால் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2009 முதல் இருக்கிறது. வேலூரிலிருந்து அது தூரமில்லை, ஆனால் மிகச் சிக்கலான நிலைமைக்கு மட்டும்தான் அந்த யோசனை.

தனியார் மருத்துவர்களிடம் போகலாம். ரகசியம் காக்கலாம், கூட்டம் குறைவு. மாதா மாதம் கட்டணம் கட்ட முடியாமல் மூன்றாம் மாதம் நின்றுபோவதுதான் வாடிக்கை என்பதால் ஆரம்பிக்கும் முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளச் சொல்வேன். 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். வெளியே கிளம்ப முடியாதவளுக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கும் இது உதவும். போன் யார் கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்; பல வீடுகளில் அது கணவனுடைய போன்.

ஆக, நான் வைக்கும் வரிசை: லேசாக இருந்தால் நர்ஸம்மாவின் நாலைந்து வருகை, கூடவே 14416. ரெண்டு வாரத்தில் குறையாவிட்டால், அல்லது சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் அல்லது அடுக்கம்பாறை. சாவு எண்ணம், குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்ற பயம், குழப்பமான பேச்சு என்றால் 108-ஐக் கூப்பிட்டு அன்றைக்கே அடுக்கம்பாறையோ பாகாயமோ, எது பக்கமோ அது.

அணைக்கட்டு ஒன்றியத்தின் மலைக் கிராமங்களுக்கு, பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை பக்கத்துக்கு, இந்த வரிசை பொருந்தாது. கீழே இறங்குவதற்கே ஒரு நாள் போய்விடும், மலையில் பல இடங்களில் போன் சிக்னலும் எடுக்காது. அங்கே லேசானவளையும் நடுத்தரமானவளையும் ஒரே தட்டில் வைத்து, முதல் "ஆமாம்" வந்ததுமே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் சொல்லிவிடுவேன். அவர் மனநல மருத்துவரோடு பேசி மாத்திரையைத் தொடங்கட்டும். அடுத்த வருகைக்கு இத்தனை நாள் ஆகும் என்று தெரிந்துகொண்டே காத்திருந்து பார்ப்போம் என்று சொல்ல அங்கே நமக்கு உரிமை இல்லை.